வெள்ளிக்கிழமையில் மாட்டிக்கொண்ட ஆட்டுக்கறி

கடையில் வாங்கிய கறி மிஞ்சிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சுட வைப்பீர்களா, எறிவீர்களா, யாருக்காவது கொடுத்துவிடுவீர்களா? சிரிக்காதீர்கள். போன வாரம் இந்தக் கேள்வி என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை என் கணவர் ஆபீஸ் வேலையாக ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தார். லாயாங் லாயாங் ரயில்வே ஸ்டேஷனில் இவருக்குக் கிராணி வேலை, கணக்கெழுதும் குமாஸ்தா. ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் எங்கள் குவார்ட்டர்ஸ். பட்டணம் போனால் இவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அன்றைக்கும் ரயிலை விட்டு இறங்கும்போது கையில் அடுக்குக் கேரியர். ஒரு தட்டில் பரோட்டா. மற்ற இரண்டிலும் ராவுத்தர் கடை ஆட்டுக்கறி!

“இஞ்சாரும், வாசத்தைப் பாரும்! ரெண்டு பேருக்கு எண்டு கேட்டால் மனுசன் நாலு பேருக்கு அள்ளிப் போடுவார்.”

போட்டுத்தான் இருந்தார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபோது பாதிக் கறி அப்படியே கிடந்தது.

“எறிஞ்சு போடாதேயும். சனிக்கிழமை சுட வைச்சுச் சாப்பிடலாம்” என்று சொல்லிவிட்டு இவர் பேப்பரை விரித்துக்கொண்டார். ஆண்களுக்கு எல்லாம் எவ்வளவு சுலபம்!

சனிக்கிழமை சரி... நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறதே?

எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் சைவம். மீனும் இறைச்சியும் சமைக்கிற மச்சச் சட்டிகள் வியாழன் இரவே வெளியே போய்விடும். அடுப்படியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இந்தச் சட்டத்துக்கு மாஜிஸ்திரேட் என் மச்சாள் — இவருடைய அக்கா. எங்களோடுதான் இருக்கிறார்.

“நாளைக்கு இந்த அடுப்பில மச்சம் ஏறாது பிள்ளை. சொல்லிப்போட்டன்.”

“முத்தத்தில மூண்டு கல்லு வைச்சுச் சூடாக்கட்டோ மச்சாள்?”

“ஏன், முத்தம் பக்கத்து வீட்டுக்காரன்ரையோ?”

தீர்ப்பு முடிந்தது. அப்பீல் கிடையாது.

அன்று இரவே ஒரு தரம் கொதிக்க வைத்து, மூடி, வெளித் தாழ்வாரத்தில் வைத்தேன். படுத்த பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது. காலையும் மாலையும் கொதிக்க வைத்தால் கறி மறுநாளும் தாங்கும் என்பது மச்சாள் கணக்கு. ஆனால் கொதிக்க வைக்கத்தான் அவர் விடமாட்டாரே! பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சுகாதாரப் பாடம் எடுத்த மிஸ்ஸின் கணக்கு வேறு. மிஞ்சியதை ஒரே ஒரு தரம்தான் சுட வைக்கலாம். ஓரத்தில் நுரை கட்டினால் போதாது, கிளறிக் கிளறி நடுவிலும் கொப்புளிக்க வேண்டும். எங்களுக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஐயா இரண்டு பேரையும் ஒப்புக்கொள்ள மாட்டார். “கெட்டுப்போனதைக் கொதிக்க வச்சா, சூடான கெட்ட சாப்பாடுதாம்மா கிடைக்கும்” என்பார்.

அவர் அதைச் சொன்னது போன மாதம். என் மகள் பூமணிக்கு வயிற்றுப்போக்கு வந்து, கண் இரண்டும் குழி விழுந்து, ‘அம்மா’ என்று கூப்பிடக்கூடச் சத்தமில்லாமல் என் மடியில் கிடந்தபோது. என்ன சாப்பிட்டாள், எது ஒத்துக்கொள்ளவில்லை — இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் பெரிய பயம். அதன் பிறகு பச்சைத் தண்ணீரைப் பார்த்தால்கூட எனக்குச் சந்தேகம்.

வெள்ளி காலை மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கறி நன்றாக இருக்கிறதா, என் மூக்குத்தான் அடைத்துக்கொண்டதா? மச்சாளை முகர்ந்து பார்க்கச் சொல்லலாமா? வெள்ளிக்கிழமை!

மச்சாளே வழி சொன்னார். “ஏன் பிள்ளை நிண்டு யோசிக்கிறாய்? அஞ்சலையிட்டைக் குடுத்துவிடன்.”

அப்பாடா! அஞ்சலை ரயில்வே கேட்காரரின் மனைவி. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. அவள் மகள் லெட்சுமியும் பூமணியும் நாள் முழுவதும் ஒன்றாகத்தான் விளையாடுவார்கள். சட்டியை வேலிக்கு மேலாகக் கொடுத்தேன். “மத்தியானம் அவரு வந்ததும் சாப்பிடுறோம்மா” என்று சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். எறிந்த பாவமும் இல்லை, வெள்ளிக்கிழமையும் கெடவில்லை. மனம் லேசாகிவிட்டது.

எவ்வளவு நேரத்துக்கு? பூமணிக்குச் சோறு ஊட்டும் வரைக்கும்.

“அம்மா, எனக்கு ராத்திரிக் கறி?”

“அது பழசு குஞ்சு. சாப்பிட்டால் உனக்கு வயிறு நோகும்.”

“அப்ப லெட்சுமிக்கு நோகாதோ?”

சோற்றுத் தட்டை மச்சாளிடம் நீட்டிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

வேலியைச் சுற்றிப் போகிற வழியெல்லாம் ஒரே குழப்பம். என்னவென்று சொல்வது? கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா? ‘சாப்பிடாதே’ என்றால், பிறகு ஏன் கொடுத்தாய் என்று கேட்க மாட்டாளா? பேசாமல் விட்டுவிட்டு, நாளைக்கு அந்தக் குழந்தை கண் குழி விழுந்து கிடந்தால்...?

அஞ்சலை சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். பக்கத்தில் லெட்சுமி மங்குத் தட்டோடு குந்தியிருந்தாள். ஓரத்தில் நுரை. நடுவில் அசைவே இல்லை.

“என்னா கிராணியம்மா, குடுத்துட்டுப் பின்னாலேயே வர்றீங்க? சட்டி வேணுமா?”

“இல்லை அஞ்சலை... நல்லாய்க் கொதிக்கோணும். அடியிலயிருந்து கிளறு.”

“கொதிக்குதுல்ல?”

“நடுவில கொதிக்கேல்லை.”

அவள் கிளறினாள். விறகைத் தள்ளினாள். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“ஏம்மா, கெட்டுப்போச்சா?”

“தெரியேல்லை.”

உண்மையைத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று உறைத்தது.

“தெரியலையா! தெரியாமத்தான் என் வீட்டுக்குக் குடுத்தீங்களா? உங்க பாப்பாவுக்குக் குடுத்தீங்களா?”

“குடுக்கேல்லை.”

அவள் கரண்டியை நிறுத்தினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்தாள். “அப்படின்னா நீங்க முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்கம்மா. நீங்க சாப்பிட்டா என் பிள்ளையும் சாப்பிடும். இல்லேன்னா வாழைக்கு அடியில கொட்டிடுறேன். என்னா சொல்றீங்க?”

வெள்ளிக்கிழமை. நெற்றியில் திருநீறு. காலையில் முழுகிய தலை இன்னும் காயவில்லை. சட்டியில் இப்போது நடுவும் ஓரமும் சேர்ந்து கொப்புளித்தது. ஆவி முகத்தில் அடித்தது. நன்றாகக் கொதித்துவிட்டது, சரி. ஆனால் ராத்திரி முழுவதும் தாழ்வாரத்தில் இருந்தது இல்லையென்று ஆகிவிடுமா? நான் ஒரு வாய் சாப்பிடுவதால் என்ன நிச்சயம்? கிருமிக்கு ருசி உண்டா?

ஒரு நிச்சயமும் இல்லை. இருந்தாலும் கையை நீட்டினேன்.

அவள் உள்ளங்கையில் ஒரு துண்டு வைத்தாள். ஊதி ஊதித் தின்றேன். இன்னொரு துண்டுக்குக் கை நீண்டபோது அஞ்சலை கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“போதும்மா. இன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு எனக்குத் தெரியாதா?”

தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்! பிறகு கறியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். சட்டியை இறக்கி நேரே வாழையடிக்குக் கொண்டுபோனாள். “நீங்க இம்புட்டுப் பயப்படுறத என் புள்ளைக்கு எப்படிம்மா போடுவேன்?” லெட்சுமி ஓவென்று அழுதாள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டுப் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும், அப்போது இறக்கிய சோறும் வேலி தாண்டிப் போயின. பூமணியின் பங்கு அப்பளமும்தான்.

அன்று மாலை என் வயிறு லேசாக முணுமுணுத்தது. கறியா, பயமா? அதுவும் தெரியவில்லை. சனிக்கிழமை காலை விழித்ததும் முதலில் வேலியைத்தான் எட்டிப் பார்த்தேன். லெட்சுமி ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டிருந்தாள்.

மிஸ் சொன்னது சரியா, மச்சாள் சொன்னது சரியா, டிரெஸ்ஸர் சொன்னது சரியா... இன்னும் எனக்குக் குழப்பம்தான். குழப்பமில்லாமல் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று: என் பிள்ளை தட்டில் போடத் தயங்குவதை வேலிக்கு மேலாக நீட்டக் கூடாது. கடைச் சாப்பாட்டை மிஞ்சாத அளவுக்கு வாங்கச் சொல்லி இவரிடமும் சொல்லிவிட்டேன். அதுவும் வியாழக்கிழமை வேண்டவே வேண்டாம்.

இன்னும் ஒரு சங்கடம் பாக்கி. பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியை மச்சாளுக்கு வாராவாரம் வாசித்துக் காட்டுவது இவர்தான் — இந்த வாரம் எந்த வரியோடு நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்!