போயிட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாத தீவு

கெஷ்ம் தீவைச் சுற்றிப் பார்க்க எங்களில் யாரும் போகவில்லை. விசா மாற்றத்தான் போனோம். விசிட் விசா முடிந்தால் எமிரேட்ஸை விட்டு வெளியே போய் நிற்க வேண்டும், புது விசா வந்தால் திரும்பலாம் என்பது அன்றைய ஏற்பாடு. துபாய்க்கு வடக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஈரான் தீவு அது. இருமிக்கொண்டே பறந்த ஒரு கிழட்டு விமானம் எங்களை அங்கே கொண்டுபோய்க் கொட்டியது. இறங்கியதும் பெண்களுக்கு ஒரு நீளக் கோட்டும் தலைத்துணியும் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த கோட்டுக்குள் இன்னொருத்தியையும் தாராளமாக நிறுத்தியிருக்கலாம்.

எனக்கு அல் ஐனில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் வேலை உறுதியாகியிருந்தது. துபாய் அல் குசைஸில் அக்கா வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏஜென்ட், "ரெண்டே நாள் சிஸ்டர்" என்றார். ஏஜென்ட்டுகளின் நாள் எவ்வளவு நீளம் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் தங்கிய ஹோட்டலில் எல்லோருக்கும் ஒரே வேலை, வரவேற்பறையில் உட்கார்ந்து ஃபேக்ஸ் மெஷினைப் பார்ப்பது. அது லேசாக முனகினாலும் எழுந்து நிற்போம். விசா வந்தவன் மிச்சமிருக்கும் அரிசியையும் ஊறுகாயையும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புவான். அப்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. "போயிட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லவே கூடாது. அப்படிச் சொல்லிவிட்டுப் போன ஒரு திருச்சிக்காரர் அடுத்த விசாவுக்கு அதே ஹோட்டலுக்கு, அதே கட்டிலுக்கு வந்து சேர்ந்தாராம். ஊரில் "போறேன்" என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள். இங்கே அதைச் சொன்னால்தான் நிம்மதி.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காவல்காரர் போல இருந்தவர் ராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர். கிரேன் ஆபரேட்டர். பழைய கம்பெனியை மூடிவிட்டார்கள். ராஸ் அல் கைமாவில் ஒரு சிமென்ட் ஆலையில் புது வேலை பேசியிருந்தார். தீவில் தங்க அவருக்கு இருந்த அனுமதி, நான் சொல்லப்போகிற நாளுக்கு மறுநாளோடு முடிகிறது. அதற்குள் விசா வராவிட்டால் நேரே ஊருக்குத்தான். ஊரிலோ அவர் டூட்டியில் சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்குப் போனால்கூட அந்த நேரம் பார்த்து விசா வந்துவிடும் என்று பயந்து, வந்ததிலிருந்து மனிதர் படி இறங்கவில்லை.

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. அந்த ஃபேக்ஸ் மெஷினை இன்னும் ஒரு நாள் பார்த்தால் தூக்கிக் கடலில் போட்டுவிடுவேன் என்ற நிலைமை. என் அறையில் தங்கியிருந்த ஃபிலிப்பினோ பெண்ணும் அதே மனநிலையில் இருந்தாள். துபாயில் பல வருடம் டாக்ஸி ஓட்டி ஹிந்தி கற்றுக்கொண்ட உள்ளூர் டிரைவர் ஒருவர், தீவு முழுவதையும் காட்டுகிறேன் என்றார். அண்ணனையும் விடாமல் நச்சரித்தேன். விசா வந்தால் டிரைவரின் மொபைலுக்குக் கூப்பிடுவதாக ஹோட்டல் கிளார்க் சத்தியம் செய்த பிறகுதான் அண்ணன் அசைந்தார். அதுவும் பூட்டிய பெட்டியோடு. விமான நிலையம் தீவின் நடுவில் இருக்கிறது, போன் வந்தால் அப்படியே போய்விடலாம் என்பது அவர் கணக்கு. வாசலில் திரும்பி, "போறோம்" என்று மூன்று பேருக்கும் சேர்த்து உரக்கச் சொல்லிவிட்டு ஏறினார்.

ஊரைத் தாண்டியதும் ஆச்சரியத்தில் வாயைத் திறந்தவள் மூடவில்லை. மரம் என்று பெயருக்குத்தான் ஒன்றிரண்டு. மலையெல்லாம் செல்லரித்த அலமாரி மாதிரி குடைந்தும் உதிர்ந்தும் நின்றது. ரோட்டின் குறுக்கே ஒட்டகங்கள் எங்களைச் சட்டை செய்யாமல் நடந்தன. நட்சத்திரம் விழுந்து உண்டானது என்று டிரைவர் சொன்ன ஒரு பள்ளத்தாக்கில் மண் தூண்கள் கூட்டமாக நின்றன. அண்ணன் மட்டும் எந்த அதிசயத்தையும் பார்க்காமல் டிரைவரின் மொபைலையே பார்த்தார். பள்ளத்தில் சிக்னல் இல்லை என்றதும் மொபைலை வாங்கிக்கொண்டு மேடேறி நின்றார்.

அடுத்து ஒரு பாறை இடுக்கு. ஓர் ஆள் மட்டுமே நுழையலாம். பெட்டியைக் காரில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று, ஆளே இல்லாத அந்தப் பொட்டல் காட்டில் அதையும் தூக்கிவந்து நடுவில் மாட்டிக்கொண்டார். முன்னால் நான் இழுத்தேன், பின்னால் ஃபிலிப்பினோ பெண் தள்ளினாள். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கை ஓய்ந்துவிட்டது.

தீவின் மேற்குக் கோடியில் ஓர் உப்புக் குகை இருந்தது. வெள்ளையும் சிவப்புமாக வரி வரியாகச் சுவர். நான் கன்னியாகுமரி கடற்கரையில் பிறந்தவள், உப்பென்றால் சும்மா இருக்க முடியுமா? நக்கிப் பார்த்தேன். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தானும் நக்கினார். அதன்பிறகு மீனவர் வீடொன்றில் டிரைவர் வாங்கித் தந்த பொரித்த மீனையும் சோற்றையும் மனிதர் வழித்துத் தின்றார். தின்று முடித்ததும், நல்ல ஊர்தான் என்று ஒப்புக்கொண்டார். பெட்டியையும் காரிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மொபைல் அடித்தது.

டிரைவர் கேட்டார், தலையாட்டினார். லைன் அறுந்துபோனது. ஒரு மதராஸிக்கு விசா வந்திருக்கிறதாம். சாயந்தர விமானமாம். கிளார்க் விசாவை எடுத்துக்கொண்டு நேரே விமான நிலையத்துக்கு வருகிறாராம். எந்த மதராஸிக்கு என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை.

காரில் வந்த மதராஸிகள் இரண்டு பேர்.

டிரைவர் காரை விமான நிலையத்துக்கு விரட்டினார். எனக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டினேன். பக்கவாட்டில் அண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அதைப் பார்த்ததும், அவருக்கே இருக்கட்டும் என்று மாற்றி வேண்டினேன். கொஞ்ச தூரத்தில் மறுபடி எனக்கு. மாதாவே குழம்பியிருப்பாள். அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "ஒனக்காத்தான்மா இருக்கும்" என்றார். இல்லை, உங்களுக்குத்தான் என்றேன். இரண்டு பேருமே முழு மனதோடு சொல்லவில்லை.

விமான நிலைய வாசலில் ஹோட்டல் வேன் வந்து நின்றது. கிளார்க் இறங்கி, நேராக அண்ணனிடம் தாளை நீட்டினார்.

எனக்கு முதலில் வந்தது பொறாமைதான், வேறென்ன. ஆனால் அண்ணன் அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுததைப் பார்த்ததும் எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அது பொறாமையில் வந்ததில்லை. அரிசி ஹோட்டல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, நீயே எடுத்துக்கொள் என்றார். டிரைவரைக் கட்டிப்பிடித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கண்ணாடிக் கதவருகே நின்று, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பிக் கையாட்டினார்.

"போயிட்டு வர்றேன்மா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கை வாய்க்குப் போய்விட்டது. முகத்தில் ஈயாடவில்லை. கிளம்பி நிற்கிறவரைப் பார்த்து எங்கள் வீட்டில் யாரும் சொல்லத் துணியாததை அந்த விமான நிலையமே திரும்பிப் பார்க்கும்படி நான் கத்திச் சொன்னேன்.

"வராதீங்கண்ணே. இந்தப் பக்கமே வந்துராதீங்க."

அண்ணன் வாயிலிருந்து கையை எடுத்தார். போன உயிர் திரும்பி வந்தவர் போல, என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வரமாட்டேன்மா" என்றார்.