ஆல்டனின் பம்பரில் மஞ்சள்

ஹாக்கின்ஸ் மில் ஓட்டப்பாதையில் கார்ப் பந்தயம் முடிந்து ரப்பர் புகை அடங்கினாலும் ஜனங்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். வேலிக் கதவு திறக்கும். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாதி தின்ற ஹாட் டாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கார்கள் நிற்கும் உள்வட்டத்துக்குள் இறங்குவார்கள். வரிசையாகக் குனிந்து பம்பர்களைப் பார்த்துக்கொண்டே போவார்கள். சிவப்புக் காரின் பின்னால் நீலம் ஒட்டியிருந்தால் நீலக்காரன் இடித்து வழி வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம். அன்றைக்கு யார் யாரிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு அந்தப் பெயின்ட்தான் சாட்சி. ஓட்டுகிறவர்கள் சொல்வதை அங்கே ஒருவரும் நம்புவதில்லை.

வெர்ஜில் ப்ரூயிட்டின் மஞ்சளை எவருடைய பம்பரிலும் யாரும் பார்த்ததில்லை.

அது பள்ளிக்கூட பஸ்ஸின் மஞ்சள். வெர்ஜில் அந்த மாவட்டத்துப் பள்ளி பஸ்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் வேலை செய்தான். டப்பாவின் அடியில் மிஞ்சிய பெயின்ட்டை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி வந்து தன் பந்தயக் காருக்கு அடித்திருந்தான். அதனால் அவன் பாதையில் இறங்கும்போதெல்லாம் பார்வையாளர் மேடையிலிருந்து யாராவது ஒருவர், அடுத்த ஸ்டாப்பில் தன்னை இறக்கிவிடச் சொல்லிக் கத்துவார். வெர்ஜில் ஜன்னல் வழியே கையை நீட்டி, நிற்கச் சொல்லும் சைகை காட்டுவான். அவ்வளவுதான் அவனுடைய நகைச்சுவை.

ஒரு பட்டப்பெயரும் அவனுக்கு இருந்தது. அதற்கு அவன் கை காட்டியதில்லை. முட்டி மோதாமல், இன்ஜினை வதைக்காமல், முன்னால் போகிறவர்கள் ஒருவரையொருவர் நொறுக்கிக்கொள்ளும்வரை காத்திருந்து மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்து புள்ளி சேர்க்கிறவனை அந்தப் பக்கத்தில் தடவல் என்பார்கள். ஆல்டன் சைஸ்மோர்தான் அந்தப் பெயரை அவன்மேல் ஒட்டியவன். ஆல்டன் பழைய டயர் கடை வைத்திருந்தான். சிவப்புக் கார், பெரிய குரல், கடைச் சுவரெல்லாம் ஜெயித்து வாங்கிய கொடிகள். ஒருநாள் வெர்ஜிலின் மனைவி நடீன் உள்வட்டத்தில் உட்கார்ந்து ரொட்டியில் பிமென்டோ சீஸ் தடவிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கமாக வந்தான்.

"நல்ல குடும்பம்மா இது. நீ ரொட்டில தடவுற, உன் புருஷன் ரோட்டுல தடவுறான்."

நடீன் கத்தியை நக்கிவிட்டு, "உனக்கும் ஒண்ணு தரவா ஆல்டன்? வாய அடைக்க ஆகும்" என்றாள். ஆல்டன் சிரித்துக்கொண்டே ரொட்டியை வாங்கித் தின்றான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். வெர்ஜில் காருக்கு அடியில் இருந்தான். அவன் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கோடை அது. அந்தக் கோடைக்கு ஒரு வாசனை இருந்தது. சூளைகளில் பதமாகும் புகையிலையின் இனிப்பும் தார்ச்சாலையில் எரியும் ரப்பரும் கலந்த வாசனை. ட்ரக்குக்குப் பின்னால் காரை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கத்து ஓட்டப்பாதைகளுக்கெல்லாம் போனார்கள். வெர்ஜில் ஓட்ட, நடு சீட்டில் நடீன், ஜன்னலோரம் அவள் தம்பி ராய்ஸ். காருக்குள் இருந்த இன்ஜின் ராய்ஸினுடையது. அவன் வீடு கட்டிக்கொண்டிருந்தான். கூரைக்காக இன்ஜினைக் குளிர்காலத்தில் விற்கப் போவதாகவும், அதுவரைக்கும் மச்சான் வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லியிருந்தான். அப்படியொரு இன்ஜின் வெர்ஜிலுக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. இனி வாய்க்கப்போவதும் இல்லை என்று மூவருக்கும் தெரியும்.

அந்த இன்ஜினோடு வெர்ஜில் இரண்டாவது வந்தான். மூன்றாவது வந்தான். மறுபடி இரண்டாவது. சிவப்புக் கார் ஒரு வாரம் ஜெயித்தது, மறுவாரம் சுவரில் மோதி நின்றது. மஞ்சள் கார் ஒவ்வொரு வாரமும் முழுசாக வீடு திரும்பியது. வருஷக் கடைசியில் அதிகப் புள்ளி வைத்திருப்பவனுக்குத்தான் பட்டமும் கோப்பையும். கோடை முடிவில் புகையிலை ஏலம் தொடங்கியபோது புள்ளிக் கணக்கில் வெர்ஜில்தான் முதலில் இருந்தான், ஒரு பந்தயம்கூட ஜெயிக்காமல். ஓட்டப்பாதை அறிவிப்பாளர் அதை ஒலிபெருக்கியில் சொல்லும்போதெல்லாம் ஒரு விநாடி நிறுத்திவிட்டுச் சொல்லுவார். அந்த இடைவெளியில் மேடை சிரிக்கும்.

நடீன் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலிருந்த பீங்கான் நாய்களை எடுத்துவிட்டுக் கோப்பைக்கு இடம் செய்து வைத்திருந்தாள். கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய வாரம், பின்சீட் இல்லாத அந்த ட்ரக்கில் ராய்ஸ் தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்க, வெர்ஜில் சாலையைப் பார்த்தபடி பேசினான்.

"பட்டம் கெடச்சாலும், நான் யாரையும் ஜெயிக்கலையே நடீன்."

நடீன் வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள்.

கடைசிப் பந்தயம் ஹாக்கின்ஸ் மில்லில், அக்டோபர் ஞாயிறு மதியம். தேவாலயத்திலிருந்து நேராக வந்தவர்கள் கழுத்தில் டையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆல்டன் ஜெயித்தாலும் வெர்ஜில் ஆறாவது இடத்துக்குள் வந்துவிட்டால் பட்டம் வெர்ஜிலுக்கு. ராய்ஸ் மச்சானின் சீட் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். உள்சுவரோரம் தான் நிற்கும்போது உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினால் நிதானம் என்று அர்த்தம், அதை மறக்கக் கூடாது என்றான். வெர்ஜில் தலையாட்டினான்.

ராய்ஸ் அன்று முழுக்க உள்ளங்கையை அமுக்கிக்கொண்டே நின்றான். பாதிப் பந்தயத்துக்குமேல் வெர்ஜில் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டான். ஐந்தாவதாக இருந்தவன் நான்காவது ஆனான், மூன்றாவது ஆனான். கடைசிச் சுற்றுக்கான வெள்ளைக்கொடி அசைந்தபோது அவனுக்கு முன்னால் ஒரே ஒரு கார்தான் இருந்தது. சிவப்பு.

அந்தப் பாதைகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. வளைவில் நுழையும்போது முன்னால் போகிறவனின் பின்பம்பரை லேசாகத் தட்டினால் அவன் கார் வளைவின் சரிவில் மேலே, வெளிச்சுவர்ப் பக்கமாக, ஒரு கார் அகலம் விலகும். கீழே திறக்கிற சந்தில் நுழைந்து போய்விடலாம். குற்றம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தட்டுகிறவனுக்குக் கொஞ்சம் கணக்குத் தப்பினால் இரண்டு காரும் சுவரில். வெர்ஜிலுக்கு இரண்டாவது இடமே போதும். பட்டம் ஏற்கெனவே கைக்குள் இருந்தது. நடீன் மேடையில் எழுந்து நின்றாள்.

மூன்றாம் வளைவில் மஞ்சள் சிவப்பைத் தொட்டது.

ஆல்டனின் கார் விலகியது, ஆனால் ஓர் அகலம் மட்டும் அல்ல. பின்பக்கம் முழுக்க வழுக்கி, மூக்கு சுவரைப் பார்க்கத் திரும்பியது. கீழே சந்து திறந்து கிடந்தது, ட்ரக்கே நுழையும் அளவுக்கு. வெர்ஜில் ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டான். எடுத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. கால் தானாக வந்துவிட்டது. ஒரு மூச்சு நேரம்தான். அந்த மூச்சுக்குள் அவன் பம்பர் விலக, ஆல்டன் காரை நேராக்கிக்கொண்டான். இருவரும் பக்கம் பக்கமாக முடிவுக்கோட்டுக்கு வந்தார்கள். சிவப்பின் மூக்கு முன்னால் இருந்தது.

ஆல்டன் ஜெயித்தான். வெர்ஜிலுக்குப் பட்டம்.

கை கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். ராய்ஸ் அழுதுவிட்டான், பிறகு மச்சானைத் திட்டினான். நடீன் வந்து வெர்ஜிலின் வியர்த்த தலையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னாள்.

"கால எடுத்துட்டல்ல? எனக்குக் கேட்டுச்சு."

இத்தனை வருஷம் அவன் காரின் சத்தத்தைக் கேட்டவள். அவளை ஏமாற்ற முடியாது. ஏன் எடுத்தான் என்று அவள் கேட்கவில்லை. ஆல்டன்மேல் இரக்கமா, பயமா, ஆறாவது இடத்துக் கணக்கா, கொட்டகையில் பஸ்களை மெதுவாக ஓட்டிப் பழகிய காலா என்று அவன் பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறான். தெரியவில்லை.

அதற்குள் ஜனங்கள் குனிந்து நடந்து சிவப்புக் காருக்கு வந்திருந்தார்கள். பின்பம்பரில், இடப்பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள். யாரோ விசிலடித்தார்கள். ஒரு பெண் விரலால் தொட்டுப் பார்த்து, விரலைத் தன் கணவனிடம் காட்டினாள். கூட்டம் வெர்ஜிலைத் திரும்பிப் பார்த்தது. அவன் கோப்பையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆல்டன் அந்தக் கறையைத் துடைக்கவில்லை. அந்தக் காரை விற்றபோது பம்பரை மட்டும் கழற்றி டயர் கடையில், கல்லாவுக்கு மேலே, கொடிகளை நகர்த்திவிட்டு மாட்டினான். வெர்ஜில் ஒருமுறை கூச்சத்தோடு அதைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டான். "என் பம்பர்யா. அடி வாங்குனது நானு" என்று ஆல்டன் மறுத்துவிட்டான். தடவல் என்ற வார்த்தையை அந்தப் பந்தயத்துக்குப் பிறகு ஆல்டன் வாயில் யாரும் கேட்கவில்லை.

ராய்ஸின் வீட்டுக்குக் கூரை வந்தது. வெர்ஜில் மறுபடி ஓட்டவில்லை. ஹாக்கின்ஸ் மில் பாதையில் இப்போது பைன் மரங்கள் நிற்கின்றன. அறிவிப்பாளரின் கூண்டு மட்டும் மரங்களுக்கு நடுவே, கண்ணாடி இல்லாமல். கோப்பை தொலைக்காட்சிமேல் இருக்கிறது. நடீன் அதில் நூல்கண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமைகளில் வெர்ஜில் டயர் கடைக்குப் போய் அடுக்கிய டயர்கள்மேல் உட்கார்ந்திருப்பான். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. புதிதாக வருகிறவர்களிடம் ஆல்டன் பம்பரைக் காட்டிக் கதை சொல்லுவான். வருஷத்துக்கு வருஷம் அந்த இடி பெரிதாகிக்கொண்டே வந்தது. சமீபத்தில் அது ஒரு சரக்கு ரயிலாகிவிட்டது. ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞன் டயர்கள்மேல் இருந்த கிழவரிடம் திரும்பி, நிஜமாகவே அப்படியா இடித்தீர்கள் என்று கேட்டான்.

வெர்ஜில் பம்பரைப் பார்த்தான். மஞ்சள் வெளுத்து வெண்ணெய் நிறமாகியிருந்தது. ஆல்டன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல தம்பி. லேசாத்தான் தொட்டேன். தொட்டதும் கால எடுத்துட்டேன்."

ஆல்டன் கையிலிருந்த துணியைக் கல்லாமேல் போட்டான்.

"நம்பாதப்பா, பொய் சொல்றான்" என்றான். "காருக்குள்ள இருந்தது நானு. எனக்குத் தெரியாதா?"

பிறகு அந்த இளைஞனுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். வெர்ஜில் டயர்கள்மேல் கொஞ்சம் வசதியாக நகர்ந்து உட்கார்ந்து கேட்டான்.