புனிதமலர் அக்கா பார்த்த சண்டைப் படங்கள்

சுன்னாகம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது குகன் தொலைபேசியில் அழைத்தான். புனிதமலர் அக்காவின் தங்கை மகன்.

"அண்ணை, பெரியம்மா மோசம் போட்டா. காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையிலை இருந்தவா. அப்பிடியே சாஞ்சிட்டா."

"தனியவோ இருந்தவா?"

"இல்லை. அம்மா பக்கத்திலைதான். ரீவியிலை படம் ஓடிக்கொண்டிருந்தது."

"என்ன படம்?" என்று கேட்டுவிட்டேன். இழவுச் செய்தி சொல்பவனிடம் கேட்கிற கேள்வியல்ல. ஆனால் குகன் அதைத் தவறாக எடுக்கவில்லை. "ஹிந்திப் படம்தான், அண்ணை" என்றான்.

எங்கள் திரைப்பட வட்டத்தின் பழைய நண்பர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அண்மையில் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குடாநாட்டிலும் வன்னியிலும் பல மருத்துவமனைகளில் தாதியாக வேலை செய்து, மேற்றனாக, அதாவது தலைமைத் தாதியாக, ஓய்வு பெற்றவர். திருமணம் செய்யவில்லை. சாவகச்சேரிக்கு அருகே தங்கை குடும்பத்துடன் இருந்தார். மாதம் ஒருமுறை நூலக மண்டபத்தில் நாங்கள் திரையிடும் படத்துக்கு பஸ் ஏறி வருவார். மிக மெதுவாக நகரும் ஈரானியப் படத்தையும் நிமிர்ந்திருந்து முழுதாகப் பார்ப்பார். கலந்துரையாடலில் அவருடைய முறை வரும்போது ஒன்றையே சொல்வார்: "நல்ல படம். அடுத்த மாதம் ஒரு ஹிந்திச் சண்டைப் படம் போடுவமே?" நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை முற்பகல் காட்சிக்கு என்னை யாழ்ப்பாண நகரத் திரையரங்குக்கு அழைத்துப் போனார். "படம் எப்பிடி எண்டு நான் உம்மட்டைக் கேக்கேல்லை, தம்பி. ஒருக்கா வந்து இரும்" என்றார். அரங்கு நிறைந்திருந்தது. ஹிந்தி தெரிந்தவர் எவரும் அங்கே இருந்திருக்க வாய்ப்பில்லை. திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளையும் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. எங்களுக்குப் பின்வரிசையில் தொண்டைமானாற்றிலிருந்து வந்த கடற்றொழிலாளர் சிலர் குடும்பத்தோடு இருந்தார்கள். வில்லனின் ஆட்கள் ஒரு கிழவரின் சட்டையைப் பிடித்து இழுத்தபோது அவர்களில் ஒருவர், "பொறு, இப்ப வருவான்" என்று பக்கத்திலிருந்த மனைவிக்குச் சொன்னார். வந்தான். முதலில் சப்பாத்து, பிறகு முதுகு, கடைசியாக முகம். அந்த வரிசை முழுவதும் எழுந்து நின்றது.

இதே படம் தமிழ்க் குரலோடும் வருகிறதே, ஏன் ஹிந்தியில் பார்க்கிறீர்கள் என்று இடைவேளையில் கேட்டேன்.

"தமிழிலை கதைச்சா அவன் சொல்லுற பொய்யெல்லாம் விளங்கிப்போடும். ஹிந்தியிலை எண்டா அடி மட்டும் விளங்கும். அவ்வளவு காணும் எனக்கு."

ஒருவன் இருபது பேரை அடிப்பதை எப்படி நம்புகிறீர்கள் என்றும் கேட்டேன். "அடிபட்ட ஆக்களுக்கு மருந்து கட்டினவள் நான். எனக்குத் தெரியாதே? நம்புறதுக்கோ இஞ்சை வந்து இருக்கினம்?" என்றார்.

பிறகு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றில் அப்படியொரு படத்தைத் திரையிட வேண்டும் என்றார். வட்டத்தில் பலர் மறுத்தோம். போரில் காயப்பட்டு எழுந்து நடக்க முடியாமல் இருப்பவர்களுக்குத் துப்பாக்கிச் சூட்டையும் அடிதடியையும் காட்டுவதா என்பது எங்கள் வாதம். அவர் எங்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. "அவையளையல்லோ கேக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, நேரே போய்க் கேட்டார். அவர்களில் சிலரை முன்பு பராமரித்தவர் அவர். ஓம் என்றார்களாம். நான்தான் புரொஜெக்டரைக் கொண்டுபோனேன்.

படத்தின் நடுவில் கதாநாயகனின் முதுகில் சுடுகிறார்கள். மழையில் விழுகிறான். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடக்கிறான். நான் திரையைப் பார்க்கவில்லை, சக்கர நாற்காலிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு சிவம் என்பவர் உரத்துச் சொன்னார்: "எங்கடை டொக்குத்தர்மாருக்கு உந்த மருந்து தெரியாமல் போச்சுது." மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் நாற்காலிக் கைப்பிடிகளில் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

ஒருவர் மட்டும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். அக்கா பின்னால் போனார். வாசலில் நின்ற எனக்கு அவர்கள் கதைத்தது கேட்டது.

"ஏலாது, அக்கா."

"ஓம். ஏலாட்டிப் பாக்கவேண்டாம்."

படம் முடியும்வரை அவர் விறாந்தையில் அந்த மனிதரோடு இருந்தார். இறுதிச் சண்டையைப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில், "நீங்கள் சொன்னதும் சரிதான், தம்பி. வெளியிலை வந்த அந்தப் பிள்ளைக்குச் சரி" என்றார்.

எங்களை ஏற்றிவந்த வான் வண்டியில் வைத்துத்தான் தன் அண்ணனைப் பற்றியும் சொன்னார். அக்கா தாதிப் பயிற்சியில் இருந்த காலம். இருவரும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, வழியில் துப்பாக்கியோடு மறித்தவர்கள் அண்ணனை இறக்கி அடித்திருக்கிறார்கள்.

"பஸ் நிறைய ஆக்கள். எல்லாரும் யன்னலாலை பாத்துக்கொண்டு இருந்தவை. ஒருத்தரும் இறங்கேல்லை. நானும் இறங்கேல்லை. இறங்கியிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும். ஆனா படத்திலை ஆரோ ஒருத்தன் இறங்குவான். அதைப் பாக்கத்தான் போறனான்."

அண்ணன் உயிர் தப்பி வெளிநாடு போய், அங்கேயே காலமானார். அன்று நடந்ததைப் பற்றி அண்ணனும் தங்கையும் ஒருபோதும் கதைத்ததில்லையாம். "எழுதுறதெண்டா நான் போன பிறகு எழுதும்" என்றார். எழுதிவிட்டேன்.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது இருதய நோயால் நன்றாக மெலிந்திருந்தார். நகரத்தில் ஓடிய ஒரு சண்டைப் படத்தைக் கடுமையாகத் தாக்கி நான் எழுதிய கட்டுரை பக்கத்தில் கிடந்தது.

"வாசிச்சனான். முழுக்கச் சரி. படம் குப்பைதான்."

"பிறகென்ன, அக்கா?"

"நீர் ரசனையைப் பற்றி எழுதுறீர். அங்கை வாற சனம் ஆறுதலுக்கு வருது. ரெண்டும் ரெண்டு விஷயம். ஒண்டை வைச்சு மற்றதை அளக்காதையும்."

ஆறுதலை விற்றுப் பிழைப்பவர்களை என்ன செய்வது என்று கேட்டேன். "அவங்களை நல்லாத் திட்டும். சனத்தை விடும்" என்றார். நான் அதை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்கவேண்டும் என்று அவரும் வற்புறுத்தவில்லை. தேத்தண்ணி வந்தது, குடித்தோம்.

செத்தவீட்டுக்கு அந்த இல்லத்திலிருந்து ஒரு வானில் வந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகும் ஒழுங்கை மணலில் சக்கரங்கள் புதைந்ததால் வீதியோரத்திலேயே நின்றார்கள். அக்காவை எடுத்துச் சென்றவர்கள் அவர்கள் முன்னால் சற்று நிறுத்தினார்கள். சிவம் கைகூப்பினார்.

அந்தப் படங்களை நல்ல படங்கள் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் இப்போது ஒரு படத்தைப் பற்றி எழுதும்போது, படம் எப்படி இருந்தது என்று எழுதிய பின், அரங்கில் இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்றும் ஒரு பத்தி எழுதுகிறேன். எந்த இடத்தில் எழுந்தார்கள், எங்கே மௌனமானார்கள், யார் வெளியே போனார்கள் என்று. முன்பு என் கட்டுரைகளில் அப்படியொரு பத்தி இருந்ததில்லை. அது புனிதமலர் அக்காவுடையது.