கால்பந்துக்கு ஒரு மண்டகப்படி

காஞ்சிபுரத்தில் மனிதன் என்று சொல்லும்படி யாராவது இருக்கிறார்களா என்று கலியாணசுந்தரத்தைக் கேட்டால், தன்னையும் சேர்த்துப் பதினொரு பேரைச் சொல்வான். பதினொரு பேரும் அவனுடைய கால்பந்து அணியில் ஆடுகிறவர்கள். அவர்களிலும் இரண்டு பேர் விஷயத்தில் அவனுக்குச் சந்தேகம் உண்டு. மற்றபடி ஊரில் இருப்பதெல்லாம் வெற்றிலை போடுவதற்கும் மாலை போட்டுக்கொள்வதற்கும் பிறந்த கூட்டம் என்பது அவன் தீர்மானம். அதை அவன் மனசுக்குள் வைத்துக்கொண்டவனும் இல்லை.

அவன் பட்டு நெசவாளி. விடியற்காலையில் தறிக்குழியில் காலை இறக்கினால் மாலை நான்கு மணிவரை மிதி மிதியென்று மிதிப்பான். நாலரைக்கு வேகவதி ஆற்றோரத் திடலில் இருப்பான். அந்த இடது காலால் அவன் அடித்த பந்தைத் தடுக்கப் போய் வாலாஜாபாத் கோல்கீப்பர் ஒரு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார். இருபது வயதில் சென்னை கிளப் ஒன்று கூப்பிட்டது. தறியில் பாவு பாதியில் கிடக்கிறது என்று அப்பா அனுப்பவில்லை. அதிலிருந்து பதினொரு வருஷமாகத் தெருவில் அவனுக்குப் பெயர் ‘பந்து ஒதைக்கிற சோம்பேறி’. அப்படிச் சொன்னவர்களை அவன் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆனால் யார் யார் சொன்னார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

அறுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகையில் அந்தச் செய்தி வந்தது. சென்னையில் ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து லீக் நடத்திவந்த எட்டு அணிகள், ஒன்பதாவதாக வெளியூர் அணி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளப் போகின்றன. பல ஊர்களைப் பார்த்துக் கழித்ததில் மிஞ்சியவை இரண்டு: அரக்கோணமும் காஞ்சிபுரமும். லீக்கின் சார்பில் தாவீது என்ற பழைய ஆட்டக்காரர் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவார், வாலாஜாபாத்தோடு நம்மவர்கள் ஆடும் ஓர் ஆட்டத்தைப் பார்ப்பார், முடிவு சொல்வார். தேர்வாகிற ஊரின் ஆட்டக்காரர்களையே சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். கலியாணசுந்தரத்துக்கு வயது முப்பத்தொன்று. காலையில் எழுந்தால் முழங்கால் கடகடக்கிறது. இதை விட்டால் அவனுக்கு இன்னொன்று கிடையாது.

செய்தி பரவியதும் வரவேற்புக் கமிட்டி ஒன்று முளைத்தது. தலைவர் ஆதிகேசவன். அரிசி மில் வைத்திருந்தார், அடுத்த தேர்தலில் நிற்கும் ஆசையும் வைத்திருந்தார். பந்தைக் கையால் ஆடுவார்களா காலால் ஆடுவார்களா என்பதைக் கமிட்டியின் இரண்டாவது கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டார். தெரிந்ததும் முகம் சுளித்தார் என்று கேள்வி.

இந்த ஊரில் சாமி வீதியுலா கிளம்பினால் ஒவ்வொரு தெருவிலும் நின்று, அந்தந்தத் தெருக்காரர்களின் மாலையையும் தீபாராதனையையும் வாங்கிக்கொண்டுதான் நகரும். மண்டகப்படி என்பார்கள். ஊரார் அறிந்த வரவேற்பு அது ஒன்றுதான். அரிசிக்காரர்கள் தாவீதுக்கு ஒரு மாலை போடுவதென்று முடிவாயிற்று. அவர்கள் போட்டால் பாத்திரக் கடைக்காரர்களுக்கு என்ன குறைச்சல்? ஜவுளிக்காரர்கள் மட்டும் இளப்பமா? யார் முதலில் என்று நான்கு நாள் அடித்துக்கொண்டு, கடைசியில் தெருவுக்கு ஒன்றாக ஆறு மண்டகப்படி வைத்தார்கள்.

கலியாணசுந்தரம் மில்லுக்கே போய்க் கத்தினான்.

“அந்தாளு மேட்ச் பாக்க வர்றாரு. உங்க மூஞ்சிங்களப் பாக்க வரல.”

“மரியாதி செய்யாம வுட்டா ஊர் பேர் கெட்டுப்பூடும்பா,” என்றார் ஆதிகேசவன். “நீ போய் பந்தத் தொடச்சி வையி.”

ஞாயிறன்று இரண்டு மணிக்கே திடல் நிரம்பிவிட்டது. ஐயம்பேட்டையிலிருந்தும் தென்னேரியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்று அடித்தது, மூன்றரை ஆயிற்று, நான்கும் ஆயிற்று. காரைக் காணோம். நாலரைக்குக் கலியாணசுந்தரம் ஒரு சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு பூட்ஸ் காலோடு ஊருக்குள் பறந்தான்.

கார் ஐந்தாவது மண்டகப்படியில் நின்றிருந்தது. தாவீதின் கழுத்தில் மாலை மூக்குவரை ஏறியிருந்தது. நெற்றியில் ஐந்து தெருச் சந்தனம். பாத்திரக் கடைக்காரர் ஒருவர் ‘கைப்பந்து உலகின் சிங்கமே’ என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். அதற்கும் கை தட்டினார்கள். கலியாணசுந்தரம் மைக்கின் வயரைப் பிடித்து இழுத்தான்.

“போதும்டா! பொழுது சாயுது. சார், நீங்க வண்டில ஏறுங்க சார். நேரா கிரவுண்டுக்குப் போலாம்.”

“நீதான் கேப்டனாப்பா?” என்றார் தாவீது. “புண்ணியமாப் போவும், கூட்டிக்கினு போ.”

கார் கிளம்பியது. மணி நாலே முக்கால். முன்னால் சைக்கிளில் போன கலியாணசுந்தரம், ஊரையே ஜெயித்துவிட்ட மாதிரி மணியடித்துக்கொண்டு போனான். ஆறாவது மண்டகப்படியையும் நிற்காமல் தாண்டிவிடுவதாகத்தான் இருந்தான்.

ஆனால் ஆறாவது, அவனுடைய தெரு. நெசவாளர் சங்கத் தலைவர் பஞ்சாட்சரம் நடுத்தெருவில் நின்றிருந்தார். சோம்பேறி என்ற பெயரை முதன்முதலில் வைத்தவர் அவர்தான். கையில் பட்டுச் சால்வை. பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு அவன் மனைவி வடிவாம்பாள்.

“கலியாணசுந்தரம், எறங்குப்பா,” என்றார் பஞ்சாட்சரம். “இது அவருக்கில்ல. உனுக்கு.”

அவன் இறங்கினான்.

பஞ்சாட்சரம் மைக்கைப் பிடித்தார். செங்கல்பட்டில் அவன் போட்ட கோலைச் சொன்னார். வேலூரில் போட்டதைச் சொன்னார். இந்த மனுஷன் இதையெல்லாம் எப்போது கேட்டுத் தெரிந்துகொண்டான் என்று கலியாணசுந்தரம் சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டுக் கிட்டே போனான். வடிவாம்பாள் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அப்புறம் வானத்தைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கும் புரியாமல் இல்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னும் ஒரு கோல், இன்னும் ஒரு கோல் என்று கேட்டுக்கொண்டே நின்றான். பஞ்சாட்சரம் நிறுத்தியபோது, திருமுக்கூடல் மேட்ச் விட்டுப்போய்விட்டதே என்று அவனே எடுத்துக் கொடுத்தான். முக்கால் மணி நேரம். பிறகு கழுத்தை நீட்டிச் சால்வையை வாங்கிக்கொண்டான்.

திடலில் ஆட்டம் தொடங்கும்போது சூரியன் விழுந்துவிட்டது. எட்டு நிமிஷம் ஆடினார்கள். ஒன்பதாவது நிமிஷம் இடது காலால் ஒரு பந்து அடித்தான். நல்ல அடி என்பது காலுக்குத் தெரிந்தது. கோலுக்குள் போனதா வெளியே போனதா என்று திடலில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

காரில் ஏறுமுன் தாவீது அவனைத் தனியே அழைத்தார்.

“நீ சைக்கிள்ல வந்தப்போ வெளிச்சம் இருந்திச்சிப்பா,” என்றார். காரில் ஏறிக்கொண்டார்.

அரக்கோணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். காஞ்சிபுரத்துக்கு வந்த கடிதத்தில், ஆட்டத்தைப் பார்க்க இயலவில்லை என்றும் உபசரிப்பு மறக்க முடியாதது என்றும் எழுதியிருந்தது. ஆதிகேசவன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மில்லில் மாட்டினார். தேர்தலிலும் நின்றார், ஜெயித்தும் தொலைத்தார்.

கலியாணசுந்தரம் அப்புறம் பந்தைத் தொடவில்லை. தறியில் உட்கார்ந்தபடியே ஊரைத் திட்டினான். சேலை எடுக்க வருகிறவர்கள், வழி கேட்க வருகிறவர்கள், யார் அகப்பட்டாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் விடமாட்டான். மாலைக்கு அலைந்த அற்பப் பயல்கள், மரியாதை என்ற பேரில் ஒரு மனுஷன் பிழைப்பைக் கெடுத்த முட்டாள்கள் என்று தெருத் தெருவாகப் பெயர் சொல்லிக் காறித் துப்புவான். அரிசிக்காரர்கள், பாத்திரக் கடைக்காரர்கள், ஜவுளிக்காரர்கள் ஒருவரும் தப்ப முடியாது. உள்ளே அடுப்பருகில் இருக்கும் வடிவாம்பாள் ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்பாள்.

அவன் சொல்கிற கதையில் மண்டகப்படி ஐந்துதான்.