வலி இல்லையென்று மூன்று குறிப்புகள்

கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே, அது வந்து சேர்ந்த திகதியை உறையின் மூலையில் எழுதிவிடுகிறார் மரியரஞ்சனி. பிறகு துளையிட்டு நீலக் கோப்பில் சேர்க்கிறார். வாசிப்பது அதற்கும் பிறகுதான். நோர்வேயின் ஹவுகன்ஸ்டுவாவில், ஆறாம் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில் அந்தக் கோப்புக்குத் தனியிடம் உண்டு. "உமக்குப் போட்ட ஆணியைவிட உந்த பைல்தான் உறுதி" என்பார் கணவர் பிலேந்திரன்.

மரியரஞ்சனி, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். இரண்டு குளிர்காலங்களுக்கு முன், பேருந்துத் தரிப்பிடத்துப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததில் இடுப்புமூட்டருகே தொடையெலும்பு முறிந்தது. எலும்புக்குள் நீண்ட உலோக ஆணியொன்றைச் செலுத்திப் பொருத்தினார்கள். ஏழாம் மாதம், தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது, திருகாணி நுழையும் துளையடியில் அந்த ஆணியே இரண்டாகிப்போனது. அவர் விழவில்லை. இழப்பீடு கேட்டு முறைப்பாடு செய்தபோது, விழுந்திருக்க வேண்டும் என்றது மருத்துவ இழப்பீட்டு அலுவலகம். ஆணி முறியுமுன் மருத்துவர் எழுதிய மூன்று பரிசோதனைக் குறிப்புகளிலும் 'வலி இல்லை' என்றிருப்பதால், அதுவரை எல்லாம் சீராகவே இருந்ததாம். முறைப்பாடு நிராகரிக்கப்பட்டது.

அந்தக் குறிப்புகளுக்கு அவரே காரணம். "டொக்டர் சிரிச்சுக்கொண்டு எப்பிடி எண்டு கேக்கிறார். அந்த முகத்தைப் பாத்து நோகுது எண்டு என்னெண்டு சொல்லுறது? 'ப்ரா, தக்' எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்." நலம், நன்றி. நோர்வேக்கு வந்து அவர் முதலில் கற்ற சொற்கள் அவை.

வலியைச் சொன்ன இடம் வேறு. குறொன்லாண்ட் பகுதி மளிகைக்கடை கொடுத்த நாட்காட்டியில், எந்த நேரம், எத்தனையாம் படியில் நொந்தது என்று நாள்தோறும் பென்சிலால் குறித்திருந்தார். நிராகரிப்பு வந்த பிறகு அகராதியும் கையுமாக எலும்பு மருத்துவக் கட்டுரைகளை வாசித்தார். எலும்பு பொருந்தாவிட்டால் ஒவ்வோர் அடியின் சுமையையும் ஆணியே தாங்கித் தாங்கிக் களைத்து முறியும் என்று அறிந்தார். நாட்காட்டித் தாள்களை நகலெடுத்து, எக்ஸ்ரே படங்களின் திகதிகளோடு ஒப்பிட்டு மேன்முறையீடு செய்தார். வெளியே எடுக்கும் ஆணித்துண்டுகளை எறியவேண்டாமென்று, செயற்கை மூட்டு வைத்த இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு முன்பே மருத்துவமனைக்கு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துமிருந்தார்.

சென்ற மாதம் பதில் வந்தது: முறைப்பாடு மீண்டும் விசாரிக்கப்படும், துண்டுகளை வெளி நிபுணர் ஒருவர் ஆராய்வார். அன்றைக்குச் சமையல் பிலேந்திரனுடையது.

இப்போது செயற்கை மூட்டோடு ஊன்றுகோலின்றி நடக்கிறார். திங்கட்கிழமைப் பரிசோதனையில், இளம் மருத்துவர் சிரித்தபடி எப்படி என்று கேட்டார். மரியரஞ்சனியும் சிரித்தார். முன்னைவிட எவ்வளவோ மேல், ஆனால் படியிறங்கும்போது தொடையின் வெளிப்புறம் நோகிறது என்றார். பிறகு கதிரையை மேசையருகே இழுத்து, மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, மருத்துவர் அதைத் தட்டெழுதி முடிக்கும்வரை கணினித் திரையைப் பார்த்தபடி இருந்தார்.