ராவுத்தர் கையில் ஒப்படைத்த மரம்

அடுத்தவர் வீட்டு விளக்கானாலும் திரி கோணலாக எரிந்தால் ஷேக் மைதீன் ராவுத்தருக்குச் சோறு இறங்காது. பேச்சுக்கு நடுவே எழுந்து போவார். இடுப்புப் பச்சை பெல்ட்டிலிருந்து மடக்குக் கத்தி வெளியே வரும். திரியைச் சீவிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பேசுவார். விருந்துக்குப் போன வீடுகளில் இப்படிச் செய்து மனைவி மெகருன்னிசாவை எத்தனை முறை நெளிய வைத்திருக்கிறார் தெரியுமா?

குமுளி மலையில் அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். நாணயத்துக்குப் பேர்போன மனுஷர். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் யார் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டாலும் வீட்டுப் பண்டங்களை இவரிடம்தான் அமானிதமாக ஒப்படைப்பார்கள். திரும்பி வந்து கேட்டால் பொருள் பத்திரமாக இருக்கும். என்ன, கொடுத்த மாதிரி இருக்காது! குடைக்குப் புதுப் பிடி முளைத்திருக்கும். மாட்டுக்குக் கொம்பு சீவியிருக்கும். "சும்மா போட்டு வச்சா பொருளு ஏங்கிப் போகும்ல?" என்பார். யாரும் சண்டைக்கு வந்ததில்லை. மெகருன்னிசாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், சுருளியம்மாளின் மரம் வீட்டுக்கு வரும்வரை.

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் பார்த்த ஆதித்தனின் மனைவி சுருளியம்மாள். துரை சீமைக்குக் கப்பலேறும்போது, தான் தட்டில் வளர்த்த முழ உயர மேப்பிள் மரத்தை ஆதித்தனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜப்பான் தேசத்துச் சாதியாம். துரையைவிட வயது மூத்ததாம், ஆனால் முழத்துக்கு மேல் வளர விடமாட்டார்களாம். இலையோ விரல் விரித்த பிள்ளைக் கை. ஆதித்தன் அதைப் புது மண்ணில் மாற்றி நட்டு வளர்த்தான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். மகள் பிரசவத்துக்குத் தேனிக்கு இறங்கிய சுருளியம்மாள், கீழே வெயில் தாங்காதென்று மரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "மதினி, அவுக தொட்டு வளத்ததுல இது ஒண்ணுதான் மிச்சம். தண்ணி மட்டும் காட்டுங்க, போதும்." மெகருன்னிசா தட்டைத் தொட்டு வாக்குக் கொடுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தவருக்குக் காப்பி கொண்டுபோனவள் டம்ளரைக் கீழே போட்டாள். ராவுத்தர் மரத்தின் அடியில், வேருக்குச் சற்று மேலே, சுற்றிவரப் பட்டையை உரித்திருந்தார். இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

"யா அல்லா! அடப் பாவி மனுசா, கழுத்த அறுத்துப்புட்டீகளே!"

"கத்தாத புள்ள. வேரு பூராம் ஒரு பக்கமாவே ஓடியிருக்கு, மத்த பக்கம் மொட்டையா நிக்கிது. பாக்கச் சகிக்கல. எலுமிச்சைக்குப் பதியம் போடுறதில்லையா? மேலருந்து எறங்குற சத்து இங்கன வந்து முட்டும். போக வழியில்லாம சுத்திவர வேரு விடும்."

"எலுமிச்சை நம்ம மரங்க! இது அமானிதம்!"

அவர் காதில் விழுந்தால்தானே? காயத்துக்குக் கீழே செம்புக் கம்பியை இறுக்கிக் கட்டினார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வளையமாக வைத்து, செம்மண்ணும் பாசியும் போட்டுக் காயத்தை மூடினார். வாரம் திரும்புவதற்குள் இலை ஓரங்கள் கருகின. மெகருன்னிசா காலையில் முகம் கழுவும் முன்னே அதைத்தான் போய்ப் பார்ப்பாள். புருஷனோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டாள். எதற்குமே அசராத மனுஷரும் அந்த நாட்களில் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, வீரபாண்டித் திருவிழா முடிந்து சுருளியம்மாள் மலையேறி வந்தாள். பேரன் பிறந்த சந்தோஷத்தை வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்தவள், டின் வளையத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"என்னண்ணே இது?"

ராவுத்தர் வளையத்தைக் கழற்றினார், மண்ணை விரலால் மெல்ல மெல்லத் தள்ளினார். மெகருன்னிசா பார்க்க மாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, உரித்த இடத்துக்கு மேலே சுற்றிலும் வெள்ளை வேர்கள் இறங்கியிருந்தன. ஒரு பக்கம்கூட மொட்டை இல்லை. அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது.

"இனி அடியில இருக்க பழைய வேர அறுத்து எறிஞ்சிட்டா, மரம் ராசா மாதிரி உக்காரும்," என்று ராவுத்தர் ரம்பத்தை எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

சுருளியம்மாள் ஓடிவந்து அடிமரத்தைக் கையால் மறைத்தாள். "அண்ணே! அந்தப் பழைய வேரு அவுக கையால நட்டதுண்ணே!"

கட்டிக்கொண்ட நாளிலிருந்து புருஷனின் கை பாதி வேலையில் நின்று மெகருன்னிசா பார்த்ததில்லை. ரம்பம் மரத்தடி வரை போனது, நின்றது. ராவுத்தர் அதைத் திருப்பி, பிடி சுருளியம்மாள் பக்கம் இருக்கும்படி தரையில் வைத்தார். பெல்ட்டைத் தடவி மடக்குக் கத்தியையும் எடுத்து அதன் பக்கத்தில் போட்டார். பிறகு இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேலை கற்க வந்த ஆளைப்போல அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.