யாரும் வராமலே எழுந்து நின்றேன்

குமாஸ்தா என்றால் எழுதுகிறவன் என்று வெளியில் நினைக்கிறார்கள். உட்காருகிறவன் என்பதுதான் சரி. உட்கார்ந்த இடத்தில் சும்மா இருக்க முடியாமல் எழுதவும் செய்கிறோம். திருமயம் தாலுகா கச்சேரியில் நான் நகல் எழுதிய காலத்தில் என் நாற்காலியின் பிரம்பு மூன்று தடவை அறுந்தது, மூன்று தடவையும் பின்னிப் போட்டார்கள். என்னைப் பின்னிப் போடத்தான் ஆள் இல்லை. இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் இனத்தாருக்காக இதை எழுதுகிறேன்.

இருமல் மரியாதை

சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகியும் தர்பார் மரியாதை எங்கள் ஹாலை விட்டுப் போகவில்லை. அப்போதிருந்த தாசில்தாருக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. நாளைக்குப் பத்துத் தடவை ஹால் வழியாகப் போவார், வருவார். அவர் தலை தெரியும் முன்பே டவாலிச் சேவகர் கருப்பையா வாசலில் நின்று இருமுவார். அந்த இருமலுக்கு நாங்கள் எட்டுப் பேரும் எழுந்து நிற்போம். அவர் போனதும் உட்கார்ந்து திட்டுவோம்.

அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் தங்கமான மனுஷர். "நான் வந்தா யாரும் எந்திரிக்க வேண்டாம், அவங்கவங்க வேலையைப் பாருங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறே மாதத்தில் ஹெட்கிளார்க் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார், எனக்குக் கால் வீங்கியது. கருப்பையா எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழைய அய்யா இருந்தப்ப யாருக்கும் ஒண்ணும் இல்லீங்களே."

மருந்தில்லாத சீட்டு

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது. எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள் என்று கேட்டார். பத்தரைக்கு உட்கார்ந்தால் ஐந்து வரைக்கும் என்றேன். ஐந்துக்கு மேலும் உட்கார்ந்திருப்பேன் என்பதைச் சொல்லவில்லை. என் மனைவி ஆரோக்கியம் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. அறைக்குப் போய் யார் முகத்தில் விழிப்பது?

"இப்படியே போனா மூணு மாசத்துல வேலைக்கு லாயக்கில்லைன்னு நான் எழுத வேண்டியிருக்கும்" என்றார். பயந்துவிட்டேன். சம்பளத்துக்காக இல்லை. ஆபீஸை விட்டால் "என்ன சவரிமுத்து" என்று கேட்க இந்த ஊரில் எனக்கு ஒரு வாய் கிடையாது. "வீட்டுல ஆள் யாரு?" என்றார். யாருமில்லை என்றேன். பேனாவை மூடிவிட்டார். "அப்ப ஒங்களை எழுப்பிவிட ஆள் இல்லை, நீங்களாத்தான் எந்திரிக்கணும். மணிக்கு ஒருதரம் வராந்தா வரைக்கும் நடந்துட்டு வாங்க."

யார் வந்தது?

மறுநாள் கஜானாக் காவலர் பதினொரு மணி அடித்தார். எழுந்து நின்றேன். பழக்கதோஷம் பாருங்கள், நான் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர் எழுந்தார், அவரைப் பார்த்து அடுத்தவர். எட்டுப் பேரும் வாசலைப் பார்த்து விறைத்து நின்றோம். தம் அறையின் அரைக்கதவுக்கு மேலே இத்தனை தலைகளைக் கண்ட தாசில்தார், கலெக்டர்தான் சொல்லாமல் வந்துவிட்டாரென்று கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். வாசலில் கருப்பையா மட்டும் பசைச் சட்டியோடு நின்றார்.

"யாரு வந்திருக்கா?" என்றார் தாசில்தார். "யாரும் வரலீங்க" என்று சொல்லி, டாக்டர் பேச்சையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். ஹெட்கிளார்க்குக்குத்தான் பொறுக்கவில்லை: "ஒருத்தரும் வராததுக்கு எதுக்குய்யா எந்திரிச்சீங்க?"

வராந்தா

ஆரோக்கியம் இருந்தவரை ஒரு மணிக்குத் தூக்குச்சட்டியோடு வராந்தாவில்தான் வந்து நிற்பாள். ஹாலுக்குள் வரக் கூச்சம். அவள் போனபின் நான் காலையில் அதைத் தாண்டி உள்ளே வந்தால் மறுபடி தாண்டுவது வீடு திரும்பும்போதுதான். சாப்பாடுகூட மேஜையிலேயே. என் கால் வீங்கியதற்குப் புது தாசில்தார்மேல் பழி போட்டது பாவம்.

அன்று பன்னிரண்டு மணிக்குப் போனேன், பரவாயில்லை. ஒரு மணிக்குப் போனபோது தாங்கவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டா நகலுக்காகக் காலையிலிருந்து வேப்பமரத்தடியில் காத்திருந்த ஓர் அம்மாள், யாரை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். யாரையும் இல்லை, காலுக்காக நிற்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. நகர்ந்து இடம் விட்டாள். "யாரா இருந்தாலும் வரட்டும். அதுவரைக்கும் இங்கிட்டு வந்து நெழல்ல நில்லுங்கய்யா."

பத்தே முக்கால்

மூன்று மாதம் மணி தவறாமல் எழுந்தேன். முதலில் ஹெட்கிளார்க் என்னோடு சேர்ந்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். மணி அடித்ததும் கருப்பையா அந்தப் பழைய இருமலை இருமுவார். ஹால் முழுக்க எழுந்து வராந்தா வரை போய்வரும்.

கெடு முடிந்த அன்று டாக்டர் மறுபடி காலை அழுத்தினார். குழி விழவில்லை. வேலைக்கு லாயக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தோடு கச்சேரிக்குத் திரும்பினேன். வாசலில் என்னைப் பார்த்ததும் கருப்பையா இருமினார். உள்ளே ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். நான் நுழைந்து அதுவரை யாரும் எழுந்ததில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பத்தே முக்கால். ஹெட்கிளார்க் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "ஒங்களுக்குன்னு நெனச்சுக்காதீங்க, மணி பதினொண்ணாச்சு."

ஆகவே, உட்கார்ந்தே தேய்கிற என் இனத்தாரே, யாராவது வந்தால் எழுந்திருக்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், யாரும் வராத நாள்தான் நிறைய.